ஐப்பசி பிறப்பதற்குள் கொல்லை வேலையை முடித்துவிட வேண்டுமா?

குடமுருட்டி (வலங்கைமான் வட்டம்) எழுதியது:

எங்கள் ஊரில் பெரும்பாலோர் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில்தான் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். நானும் போன ஆண்டு வரை அப்படித்தான் இருந்தேன். எங்கள் கொல்லை ஏறத்தாழ 40 குழி (சுமார் 13 சென்ட்). எட்டுத் தென்னை, இரண்டு முருங்கை, ஒரு பூவரசு, கொஞ்சம் வாழை, மாட்டுக் கொட்டகை, அதையொட்டி வைக்கோல் போர். போன ஆண்டு குறுவை அறுப்பு முடிந்து வைக்கோலை ஏற்றி வந்த கையோடு தாளடி நடவுக்கு ஆள் தேடி அலைந்ததில் கொல்லையை மறந்துபோனேன். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், எங்கள் தண்ணீரை வடிகால் வாய்க்காலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கால்வாய் மட்டையாலும் பன்னாடையாலும் பூவரசு இலையாலும் அடைபட்டுக் கிடக்கிறது. தண்ணீர் கொட்டகைக்குள் ஏறிவிட்டது. போரின் அடி முழங்கை உயரத்துக்கு ஊறிப்போயிருக்கிறது. அந்த வைக்கோலைத் தை மாதம் பிரித்தபோது கறுத்துப் பூசணம் பிடித்திருந்ததால் மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

மழைக்கு நடுவிலேயே கால்வாயைத் தூர்வாரிவிடலாம் என்று இறங்கினேன். நம் மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் களியாகிவிடும். ஒரு வெட்டு வெட்டியபின் மண்வெட்டியில் ஒட்டியிருப்பதைக் குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் அடுத்த வெட்டுக்குப் போக முடிந்தது. அரை நாளில் முடிய வேண்டிய வேலை நான்கு நாளாகியும் முடியவில்லை.

‘புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்’ என்று பெரியவர்கள் சொன்னதில் முதற்பாதிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம் என்று அப்போது புரிந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. அதாவது ஐப்பசி பிறந்து இரண்டு மூன்று நாட்கள். தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. கடலோர டெல்டாவுக்கு இந்தப் பங்கு இன்னும் அதிகம். ஆகவே இந்த ஆண்டு ஆயுத பூசைக்குள் வேலையை முடித்துவிடத் தீர்மானித்திருக்கிறேன். எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் விடலாம் என்பதில் உங்கள் அனுபவத்தைக் கேட்கிறேன்.

கீற்றுக்கொட்டகை (பட்டுக்கோட்டை) எழுதியது:

ஐயா, கால்வாய்க்கு முன்னால் தலைக்கு மேலே பாருங்கள். மேலே கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகுதான் கீழே கூட்ட வேண்டும்; இல்லாவிட்டால் அதே இடத்தை இரண்டு முறை கூட்டுவீர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் பக்கம் விழுந்த தென்னைகளை எண்ணுவதற்கே வாரக்கணக்கில் ஆனது. அவ்வளவு பெரிய காற்றுக்கு முன்னால் மட்டை கழித்திருந்தால் மரம் தப்பியிருக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீடுகளுக்கு நேர்ந்த சேதத்தில் ஒரு பகுதி, தொங்கிக்கொண்டிருந்த காய்ந்த மட்டையாலும் முற்றிய குலையாலும் நேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் சாய்ப்பின் ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது மரமல்ல, ஒரு நெற்றுக் குலை. கூரைக்கு மேல் சாய்ந்திருக்கும் மரங்களில் முற்றிய காய்களைப் புரட்டாசியிலேயே இறக்கிவிடுங்கள். காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை, கொச்சங்காய் எல்லாவற்றையும் கழித்து மரத்தின் கொண்டையைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் மழை நீர் அங்கே தங்கிக் குருத்து அழுகுவதும் குறையும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மரம் ஏறுபவர் ‘காற்றுக்கு நல்லது’ என்று சொல்லிப் பச்சை மட்டையையும் சீவித் தள்ளிவிடுவார். புயல் வருகிறதென்ற அறிவிப்பு வந்தபின் கனமான அடிமட்டைகள் சிலவற்றை வெட்டுவது வேறு. ஆண்டுதோறும் மொட்டையடிப்பது வேறு. பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். அது உள்ளே நுழைந்தது தெரியும்போது மரம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும்.

எருக்குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மரத்தில் அல்ல. மக்கிய எருவிலும் உளுத்துப்போன தென்னங்கட்டையிலும்தான். கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழு அதுவே. கஜாவில் விழுந்த மரங்களை அப்புறப்படுத்த முடியாமல் தோப்பிலேயே விட்டவர்கள், தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தில் விசிறி போல் வெட்டு விழுவதை அடுத்தடுத்த ஆண்டுகளில் பார்த்தார்கள். குழியை இப்போதே கிளறிப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மக்கிய எருவை வயலுக்கு அனுப்பிவிடுங்கள். உளுத்த கட்டை ஒன்றுகூடக் கொல்லையில் இருக்கக் கூடாது. ஆள் மரத்தில் ஏறும்போதே வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தையொட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வைக்கச் சொன்னால் தனியாக இன்னொரு ஏற்றுக்கூலி மிச்சம்.

மண்புழு (திருவையாறு) எழுதியது:

மேலே சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ‘துப்புரவு’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் கொல்லையை வாசல் போல் ஆக்கிவிடுகிறார்கள். சருகு முழுவதையும் கூட்டிக் கொளுத்தி, மண் தெரிய வழித்து, சாணியும் தெளித்துவிட்டால் மனத்துக்கு நிறைவு. ஆனால் அடுத்த வாரம் பெய்யும் மழை அந்த வெற்று மண்ணில் நேராக அடித்து மேல் மண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது. குடமுருட்டி ஐயாவின் கால்வாய் தூர்ந்ததற்குப் பூவரசு இலை பாதிக் காரணம் என்றால், கரைந்து வந்த மண் மீதிப் பாதிக் காரணம் என்பது என் ஊகம்.

நான் பத்து ஆண்டுகளாகச் சருகைக் கொளுத்துவதில்லை. தென்னைப் பாத்தியிலும் வாழையைச் சுற்றியும் ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, மேலே கொஞ்சம் சாணிப்பால் தெளித்துவிடுகிறேன். மாசிக்குள் அது இருந்த இடம் தெரியாது. ஆகவே என் கேள்வி இதுதான்: ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டும் என்று நாம் சொல்வது அப்புறப்படுத்துவதையா, இடம் மாற்றுவதையா?

குடமுருட்டி எழுதியது:

நல்ல கேள்வி. கால்வாயில் நான் வாரியதில் மண்ணும் நிறையவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். போன ஆண்டு சருகைக் கொளுத்தியதும் உண்மைதான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இரண்டு நாள் இழுப்பு வந்த பிறகு அதை விட்டுவிட்டேன்.

கொட்டாங்கச்சி (மயிலாடுதுறை) எழுதியது:

பொதுச் சுகாதாரப் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். என் பெயரை இப்படி வைத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். வீடு வீடாகப் போய் நான் கவிழ்த்துப் போட்ட கொட்டாங்கச்சிகளுக்குக் கணக்கே இல்லை.

சருகைப் பற்றிய விவாதத்தில் நான் நுழையவில்லை. சருகில் தண்ணீர் தேங்காது. அதனால் டெங்கு கொசுவுக்கு அது பயன்படாது. ஏடிசு கொசுவுக்கு வேண்டியது சாக்கடைத் தண்ணீரும் அல்ல. இளநீர்க் கூடு, உடைந்த மண் சட்டி, கொல்லைக்குத் தள்ளப்பட்ட ஆட்டுக்கல்லின் குழி, பழைய டயர், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டு ஆகியவற்றில் தங்கும் தெளிந்த மழை நீர்தான் அதற்கு வேண்டும். இங்கே பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு கிடக்கும். முதல் மழையில் நனைந்ததும் பொரித்து, ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே கோடை முழுவதும் காலியாகக் கிடந்த டயர்தானே என்று எண்ணக் கூடாது. மழைக்குப் பின் தண்ணீரைக் கொட்டுவது பாதி வேலைதான். மழைக்கு முன்பே அந்தப் பொருளை அகற்றுவதும், அகற்ற முடியாத ஆட்டுக்கல்லையும் தொட்டியையும் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுவதும்தான் முழு வேலை. கல்லின் குழியில் மணலை நிரப்பிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

அடுத்தது விறகு அடுக்கு. அடைமழையில் வயலில் நீர் ஏறினால் எலி வளையும் பாம்புப் புற்றும் மூழ்கும். அவை மேட்டைத் தேடி வீட்டுப் பக்கம் வரும். எலி வந்த இடத்துக்கு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வருவது இயல்பு. கட்டுவிரியன் இரவில் சத்தமில்லாமல் வரும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம். விறகையும் மட்டையையும் சுவரோரமாகத் தரையில் குவிக்காமல், முழங்கால் உயரத்துக்குக் கல் கொடுத்து அதன்மேல் அடுக்குங்கள். அடியில் வெளிச்சம் தெரிய வேண்டும். கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கும் வீடுகளில் அதற்குப் போகும் நடைபாதையின் இரு பக்கமும் இரண்டு முழத்துக்குப் புல் செதுக்கியிருக்க வேண்டும். இதையெல்லாம் மழை தொடங்கிய பிறகு செய்யப் போனால், குவியலுக்குள் கையை விடும் நேரத்தில் பாம்பு ஏற்கெனவே குடியேறியிருக்கும். மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடவும் கீறவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், முறிவு மருந்து அங்கே இருக்கும்.

தூரதேசி (மன்னார்குடி, இப்போது டொராண்டோ) எழுதியது:

இந்த இழையைப் படிக்கும்போது என் சன்னலுக்கு வெளியே மேப்பிள் இலை கொட்டிக்கொண்டிருக்கிறது. இங்கேயும் இதே வேலை, இதே அக்டோபர், இதே நெருக்கடி. எதிரி மட்டும் வேறு. உங்களுக்கு நனைந்த களிமண் என்றால் எங்களுக்கு உறைந்த மண். நவம்பரில் தரை இறுகிவிட்டால் மண்வெட்டி இறங்காது. புல்தரைமேல் கனமாகக் கிடக்கும் இலை பனிக்கு அடியில் பாய் போல் ஒட்டிக்கொள்ளும். வசந்தத்தில் பார்த்தால் அதன் அடியில் புல் பூஞ்சை பிடித்து வட்ட வட்டமாகச் செத்திருக்கும். கூரை ஓரத் தகர வாய்க்காலை இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே உறைந்து, உருகும் பனி கூரைக்குள் கசியும். வெளிக்குழாய்க்கு வரும் நீரை வீட்டுக்குள்ளேயே மூடி, மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மறந்தால் குழாய் வெடிக்கும். முதல் ஆண்டு நான் மறந்தேன்.

மண்புழு எழுப்பிய கேள்வி இங்கேயும் சூடாக நடக்கிறது. இலையடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் பட்டாம்பூச்சிக் கூடுகளுக்காக இலையை விட்டுவையுங்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். புல்தரையிலிருந்து எடுத்து மரத்தடியிலும் பூப்பாத்தியிலும் போடுவதுதான் இரு தரப்பும் ஏற்கும் வழியாக இருக்கிறது. நான் அதைத்தான் செய்கிறேன். மிஞ்சுவதைத் தாள் பையில் கட்டித் தெருவோரம் வைத்தால் நகராட்சி எடுத்துப்போகிறது.

கூடல்வாய் (கும்பகோணம்) எழுதியது:

எல்லோரும் தோப்பையும் கொல்லையையும் பேசுகிறீர்கள். எங்களைப் போல் தெருவில் நெருக்கமாக ஓட்டு வீடுகளில் இருப்பவர்களின் பாடு வேறு. எங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கிக் கொல்லை வழியாக அடுத்த சந்தில் முடிகிறது. அகலம் இருபது அடி. பக்கத்து வீட்டு மாமரம் எங்கள் ஓட்டின்மேல் பாதி படுத்திருக்கிறது. இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் மாஞ்சருகு ஒரு கூடை சேர்ந்தால் போதும். தண்ணீர் ஓட்டுக்கு அடியில் எகிறிச் சட்டத்தில் இறங்கும். சட்டம் ஒரு முறை ஊறினால் கரையான் அதை விடாது. முற்றத்துத் தூம்புக்கும் இதே கதைதான். முற்றத்தில் விழும் நீர் நடைக்கு அடியில் போகும் மூடிய கால்வாய் வழியாகக் கொல்லைக்கு வருவதால், நடுவில் அடைத்துக்கொண்டால் கல்லைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். புரட்டாசியில் ஒரு நாள் நான்கு குடம் தண்ணீரை முற்றத்தில் ஒரே நேரத்தில் கொட்டி, அது கொல்லைக்கு எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்று பார்ப்பது என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். எண்ணி இருபதுக்குள் வராவிட்டால் மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்த ஆள் கூப்பிடுவோம்.

உடைந்த ஓட்டை மாற்றுவதற்கும் காய்ந்த நாள்தான் வேண்டும். நனைந்த நாட்டு ஓட்டின்மேல் ஆள் ஏறினால் நான்கை மாற்றப் போய் நாற்பது உடையும்.

இதில் சொல்லித் தீராத சங்கடம், எங்கள் கொல்லைத் தண்ணீர் மூன்று வீட்டுக் கொல்லையைத் தாண்டித்தான் பொதுச் சாக்கடையை அடைகிறது என்பது. நான் ஒருத்தி துப்புரவாக வைத்து என்ன பயன்? நடுவீட்டுக்காரர் ஊரில் இல்லை, பூட்டிய வீடு. போன ஆண்டு மழை வந்தபின் தொலைபேசியில் கேட்டபோது கோபப்பட்டார். இந்த ஆண்டு மகாளய அமாவாசைக்கு அவர் ஊருக்கு வந்தபோது காப்பி கொடுத்து, காய்ந்து கிடந்த கால்வாயை நேரில் காட்டினேன். அவரே ஆள் வைத்து வாரிக் கொடுத்துவிட்டுப் போனார். முன்கூட்டியே செய்வதில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போது கேட்டால் அது சண்டை, வெயிலில் கேட்டால் அது வேண்டுகோள்.

மண்புழு எழுதியது:

அம்மா, அந்த நான்கு குடச் சோதனையை நாளைக்கே செய்கிறேன்.

கீற்றுக்கொட்டகை ஐயாவிடம் ஒரு சந்தேகம். தென்னைப் பாத்தியில் நான் போடும் சருகுக் கனத்தில் அந்த வண்டு முட்டையிடாதா?

கீற்றுக்கொட்டகை எழுதியது:

ஒரு சாண் சருகு மழைக்குள் அமுங்கிவிடும். புழு தங்குவதற்கு அது போதாது. அதற்கு வேண்டியது இடுப்பு உயரக் குவியல். நீங்கள் பரப்புகிறீர்கள், குவிக்கவில்லை, தொடர்ந்து செய்யுங்கள். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டால் போதும்.

ஆனால் ஒரே ஒரு மரத்தடிக்கு இது பொருந்தாது. அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்த மரம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு அப்போதைய தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயரை நாம் சுமக்கிறோம். கானோடெர்மா என்ற பூஞ்சை மண் வழியாகவும் வேர் வழியாகவும் பரவுகிறது. செத்த மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டுவைத்தால், அது பக்கத்து மரத்துக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வேரோடு தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள். கொளுத்துவதை நான் ஏற்கும் இடம் அது ஒன்றுதான். நோய் கண்டு உயிரோடு இருக்கும் மரத்தைச் சுற்றி இரண்டு அடி ஆழத்தில், ஓர் அடி அகலத்தில் பள்ளம் வெட்டித் தனிமைப்படுத்த வேண்டும். இந்தத் தோண்டும் வேலைகளையெல்லாம் ஈரக் களியில் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

வாழைக்கட்டை (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

முருங்கையை யாரும் சொல்லவில்லை. அது காற்றுக்கு நிற்காத மரம். கிளை முறிந்தால் தண்டையே கிழித்துக்கொண்டு விழும். நீண்ட கிளைகளை இப்போதே வெட்டிவிடுங்கள். வெட்டிய போத்தை வேலியோரம் நட்டால் மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். அடைமழையில் தண்டோடு அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியைத் தாழ்ந்த மரத்தில் சமாளிப்பதும் எளிது. மின்கம்பியைத் தொடும் கிளையில் மட்டும் கை வைக்காதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகு அவர்கள் வெட்டட்டும்.

குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, அடிக்கு மண் அணைத்துவிடுங்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு சவுக்குக் கம்பு கேட்ட விலைக்குத்தான் கிடைக்கும்.

குடமுருட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐப்பசி பிறந்துவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மரம் ஏறும் ஆள் மூன்று முறை நாள் சொல்லி நான்காம் முறை வந்தார். எட்டு மரமும் கழித்தாகிவிட்டது. பச்சை மட்டையை வெட்ட விடவில்லை. எருக்குழியைக் கிளறியதில் கிடைத்த புழுவைக் கோழிகள் இரண்டு நாள் தின்றன. மட்டைகளில் நல்லவற்றைக் கீற்று முடைய எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் கல்மேல் அடுக்கியிருக்கிறோம். போன ஆண்டு ஊறிய இடத்தில் செங்கல் போட்டுப் பனங்கட்டை பரப்பி அதன்மேல் போரை ஏற்றியிருக்கிறேன். சருகு வாழைக்குப் போயிற்று. கால்வாயை நாற்பது அடிக்கு வாரி, வாரிய மண்ணைக் கரையில் விடாமல் கொட்டகை முன்னால் கொட்டி மேடாக்கினோம். கரையில் விட்டிருந்தால் முதல் மழையே அதைத் திருப்பிக் கொடுத்திருக்கும் என்று வேலைக்கு வந்த பெரியவர் சொன்னார்.

நேற்று இரவு முதல் மழை. விடியற்காலையில் குடையோடு போய்ப் பார்த்தேன். தண்ணீர் கால்வாயில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைத் தரை காய்ந்திருந்தது. கிணற்றடியில் மட்டும் கணுக்கால் அளவு தேங்கி நிற்கிறது. துணி துவைக்கும் கல்லைப் போன மாதம் நாங்களே நகர்த்திப் போட்டதில் அங்கே ஒரு பள்ளம் விழுந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை. இந்த மழை ஒரு நாள் விட்டால், இரண்டு கூடை செங்கல் ஜல்லி போட்டு மூடிவிடலாம் என்றிருக்கிறேன்.